டெஸ்டர் எரிந்தால் போதுமா?

ஃபேன் திடீரென்று நின்றுவிடுகிறது. டெஸ்டரை எடுத்து பிளக் பாயின்ட்டில் வைத்தால் எரிகிறது. வேறு ஏதாவது ஸ்விட்ச் போட்டிருந்தால் அடுத்த துளையிலும் எரிகிறது. "கரண்ட் வருதே, அப்புறம் ஏன் ஓடல?" என்று வீடே குழம்பி நிற்கிறது. எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்து, "நியூட்ரல் கட்" என்கிறார்.

போன மின்சாரம் திரும்பி வர வழியில்லை என்றால் எதுவும் ஓடாது. அதனால்தான் மின்சாரம் போய்வரும் பாதைக்குத் தமிழில் 'மின்சுற்று' என்று பெயர். முதல் பாடம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

பள்ளி முடிப்பதற்குள் எல்லாப் பிள்ளைகளும் ஓம் விதியைப் படித்துவிடுகிறார்கள். வோல்டேஜை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம். ஆனால் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளையிடம், டெஸ்டர் பிடித்தவருக்கு ஏன் ஷாக் அடிக்கவில்லை என்று கேட்டால் பதில் வருவதில்லை. டெஸ்டரின் பிடிக்குள் சின்ன நியான் விளக்கோடு ஒரு ரெசிஸ்டரும் இருக்கிறது. அதன் தடை பல லட்சம் ஓம். பத்து லட்சம் என்றே வைத்துக்கொண்டு 230 வோல்ட்டை வகுத்தால், கால் மில்லி ஆம்பியர்கூட வராது. விளக்கு மினுங்க அது போதும்; உடம்புக்கு உறைக்காது. டெஸ்டரின் தலையில் விரல் வைத்தவரும் அந்தச் சுற்றில் ஒரு பகுதிதான்.

அதே கணக்கை ஈரக் கைக்கும் போட வேண்டும். நனைந்த உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230-ஐ 1000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர். இதயத்தின் துடிப்பைக் குலைக்க இதில் பாதியே அதிகம். "எம்சிபி இருக்கே, விழுந்துடாதா?" என்பார்கள். விழாது. 16 ஆம்பியர் எம்சிபிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அது காப்பாற்றுவது ஒயரை. ஆளைக் காப்பாற்ற ஆர்சிசிபி வேண்டும். போகிற மின்னோட்டத்துக்கும் திரும்புகிற மின்னோட்டத்துக்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே அது இணைப்பைத் துண்டித்துவிடும். டைல்ஸுக்கு லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு இந்த ஒன்றைத் தவிர்க்கிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஒரே ஒரு வகுத்தல் கணக்கை யாராவது அவர்களுக்கு வீட்டோடு பொருத்திக் காட்டியிருக்கலாம்.

இத்தனைக்கும் இந்த விதியைக் கண்டுபிடித்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஜெர்மனியின் கொலோன் நகரில் பாடம் நடத்திய ஜார்ஜ் சைமன் ஓம், வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளை மாற்றி மாற்றி இணைத்து அளந்தார். அன்றைய பேட்டரிகளின் வோல்டேஜ் நிலையாக நிற்கவில்லை. அதனால் பிஸ்மத்தும் செம்பும் சேரும் இணைப்புகளில் ஒன்றைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்து, அதிலிருந்து கிடைத்த மின்சாரத்தைப் பயன்படுத்தினார். 1827-இல் வந்த அவருடைய நூலுக்குச் சொந்த நாட்டில் வரவேற்பு இல்லை. 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்லி பதக்கம் கொடுத்தது. கையால் செய்து, தவறி, திரும்பச் செய்து கிடைத்த விதி அது. அதைக் கரும்பலகையோடு நிறுத்திக்கொள்வது நியாயமே இல்லை.

வீட்டு மின்சாரத்தில் பிள்ளைகள் கை வைக்கக் கூடாது. அதற்கு அவசியமும் இல்லை. ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு சிவப்பு எல்இடி, இரண்டு மூன்று ரெசிஸ்டர், சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் போதும். சென்னை ரிச்சி தெருவில் அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் வாங்கிவிடலாம். ஆசிரியர் மேசையைச் சுற்றி நின்று எட்டிப் பார்க்கும் செய்முறை வகுப்பு வேண்டாம். இருவருக்கு ஒரு மீட்டராவது கைக்கு வரவேண்டும்.

ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு என்று பட்டை போட்ட 330 ஓம் ரெசிஸ்டரை வைத்தால் எல்இடி பளிச்சென்று எரியும். எல்இடியின் கால்களை மாற்றிச் செருகினால் எரியாது. 1000 ஓமுக்கு மாற்றினால் மங்கும். மீட்டரின் முனைகளை எல்இடியின் இரு கால்களில் வைத்தால் ஏறக்குறைய 2 வோல்ட், ரெசிஸ்டரின் இரு பக்கமும் வைத்தால் 7 வோல்ட். யாரும் சொல்லாமலே அந்தப் பிள்ளை இரண்டையும் கூட்டிவிட்டு பேட்டரியைத் திருப்பிப் பார்க்கும்.