இடம் கிடைத்தது, மனத்தைக் கேட்பது யார்?

விடியற்காலை ஐந்தரை மணி. ஜெராம் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீடு. தாய் பெரட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கிறாள். ஒன்பது வயது மகன் வாசற்படியில் உட்கார்ந்து, காலணியைப் போடமாட்டேன் என்கிறான். "வயிறு வலிக்குதும்மா." நேற்றும் இதே பேச்சுதான். பேச்சு சரியாக வராத பிள்ளை. படிப்பும் மெதுவாகத்தான் ஏறும். பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்கிறார்: "அவன் பொறந்ததிலேர்ந்தே அப்படித்தானே, விடும்மா."

தாயும் விட்டுவிடுகிறாள். நேரமாகிவிட்டது, பாவம், அவள் என்ன செய்வாள்?

இப்படி ஒரு காட்சி நம் ஜனங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அந்த "அப்படித்தானே" என்ற ஒரு சொல்லில்தான் இன்று நாம் பேச வேண்டிய விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஒரு காலத்தில் இத்தகைய பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைப்பதே பெரும்பாடு. பிறர் துணையில்லாமல் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் பிள்ளையே படிக்கத் தகுந்த பிள்ளை என்று 1997-ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிகள் சொல்லின. 2008-இல் மாற்றுத் திறனாளிகள் சட்டம் வந்தது. குறையைக் காட்டி யாரையும் பொதுக் கல்வியிலிருந்து ஒதுக்கக் கூடாது என்றது. ஒதுக்கினால் என்ன தண்டனை என்பதை மட்டும் எழுதாமல் விட்டது. 2019-இல் கல்வியமைச்சு, எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கையைக் கொண்டுவந்தது. சிறப்புக் கல்வி மாணவருக்கு மாதம் 150 வெள்ளி உதவித்தொகையும் உண்டு. இவையெல்லாம் நல்ல காரியங்கள்தாம். மறுக்கவில்லை.

ஆனால் தோழர்களே, நாற்காலி கிடைப்பது வேறு, நிம்மதி கிடைப்பது வேறு. "ஊமை", "நொண்டி", "மக்கு" என்று கூப்பிடுகிற கூட்டத்தின் நடுவே தினமும் ஐந்தாறு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும்? மற்ற பிள்ளை வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே சொல்லிவிடும். சொல்லத் தெரியாத பிள்ளைக்கு உடம்புதான் வாய். வயிற்று வலி, தூக்கமின்மை, விட்டுப்போன படுக்கை நனைப்பு மறுபடியும் வருவது, புத்தகத்தைக் கிழிப்பது, தலையைச் சுவரில் முட்டுவது எல்லாம் அதன் பேச்சு. நாமோ அத்தனையையும் குறையின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். படித்த டாக்டர்கள்கூட இந்தத் தவற்றைச் செய்வதுண்டு.

நாட்டு நிலவரத்தைப் பாருங்கள். சுகாதார அமைச்சின் ஆய்வின்படி, 5 முதல் 15 வயதுவரை உள்ள பிள்ளைகளில் மனநலப் பிரச்சினை உள்ளவர்கள் 2019-இல் நூற்றுக்கு 7.9 பேர், 2023-இல் 16.5 பேர். நான்கே வருடத்தில் இரட்டிப்பு! 2022-இல் இடைநிலைப் பள்ளி மாணவரிடம் எடுத்த ஆய்வில் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு தெரிந்தது. அந்த ஆய்வில் கேள்வித்தாளை மாணவரே படித்து, மாணவரே பதிலைக் குறிக்க வேண்டும். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையின் துக்கம் அந்தக் கணக்கில் எப்படிச் சேரும்?

நம் பிள்ளைக்கு இன்னும் இரண்டு தடைகள் உண்டு. பள்ளியில் முழுநேர ஆலோசக ஆசிரியர் இருப்பாரா என்பது மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் பல, 150 பேர்கூட இல்லாத சிறு பள்ளிகள். அங்கே வகுப்பாசிரியர்தான் எல்லாமும். இது ஒன்று. சிறப்புக் கல்வி வகுப்புகள் பெரும்பாலும் தேசியப் பள்ளிகளில்தான் இருக்கின்றன; தமிழ்ப்பள்ளிகளில் சிலவற்றில் மட்டுமே உண்டு. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை, தமிழே சரியாக வராத பிள்ளை, தன் மனவலியை மலாய்மொழியில் சொல்ல வேண்டும் என்றால் நடக்கிற காரியமா? இது இரண்டு.

இதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. பிள்ளையின் நடத்தை திடீரென்று மாறினால், எந்த நாளில், எந்த நேரத்தில், என்ன நடந்தது என்று ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். எழுத வராவிட்டால் மூத்த பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். அதை எடுத்துக்கொண்டு வகுப்பாசிரியரைப் பாருங்கள். பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இல்லையென்றால், மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவரை வரவழைக்கும்படி தலைமையாசிரியருக்குக் கடிதம் கொடுங்கள். வாய்ச்சொல் காற்றோடு போகும்; கடிதம் கோப்பில் நிற்கும். அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளிதான் கட்டணம், ஓ.கே.யூ. அட்டை இருந்தால் அதுவும் இல்லை. அங்குள்ள டாக்டரிடம் வயிற்று வலியை மட்டும் சொல்லாமல் பள்ளிக்கூடக் கதையையும் சொல்லுங்கள். மனநல டாக்டரிடம் அனுப்ப அவரால் முடியும். "பைத்தியம்னு பேரு கட்டிடுவாங்களே" என்று பயப்படாதீர்கள். காய்ச்சலுக்கு மருந்து உள்ளதுபோல் இதற்கும் வைத்தியம் உண்டு. அவசரமென்றால் 15555 என்ற மனநல உதவி எண்ணையோ 15999 என்ற தாலியான் காசே எண்ணையோ கூப்பிடலாம்.

தோட்டத் தலைவர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. கோயில் திருவிழாவுக்குக் கூட்டம் போடுகிறோம், நல்லதுதான். நம் வட்டாரத்தில் எத்தனை பள்ளிகளில் ஆலோசக ஆசிரியர் இல்லை என்று கணக்கெடுக்க ஒரு கூட்டம் போட்டால் என்ன? ஒரு தாய் தனியாகப் போய்க் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள். இருபது தாய்மார்கள் சேர்ந்து போனால் உட்காரச் சொல்வார்கள். சம்பளத்துக்காகச் சேர்ந்து நின்று பழகிய நமக்கு இது தெரியாததா?

கடைசியாக ஒன்று. அந்தப் பட்டப் பெயர்களைப் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுக்கவில்லை. நம் வீட்டுத் திண்ணையில்தான் பிள்ளைங்க கற்றுக்கொண்டார்கள். அதை நிறுத்த அமைச்சு தேவையில்லை, சட்டமும் தேவையில்லை. இன்றைக்கே நிறுத்தலாம். நாளைக் காலையில் அந்தப் பையன் "வயிறு வலிக்குது" என்றால், "எங்கேய்யா வலிக்குது? யாரு என்ன சொன்னா?" என்று இரண்டு நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள்.