கதவுக்கு முன்னால் எடுக்கும் முடிவு

இந்த இதழின் பெரும்பகுதி லோட்அவுட் திரையைப் பற்றியது. கேம் வடிவமைப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் லெவலைப் பற்றி ஓயாமல் பேசுகிறோம். எதிரிகளின் ஏ.ஐ. பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கிறோம். மிஷன் தொடங்கும் முன் ஆட்டக்காரர் கருவிகளைத் தேர்ந்தெடுக்கும் திரையை மட்டும், எல்லாம் முடிந்த பிறகு செய்துகொள்ளலாம் என்று ஒதுக்கிவைக்கிறோம். போலீஸ் அதிரடிப்படையை மையமாகக் கொண்ட கேம்களில் இது பெரிய இழப்பு. அந்த வகையில் ஆட்டக்காரர் ஒரு குழுவின் தலைவராக முதன்முதலில் யோசிப்பது அந்தத் திரையில்தான். கதவை உடைத்து உள்ளே போனபின் யோசிக்க நேரம் இருப்பதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய கேமில் பிரீஃபிங்கை முதலில் எழுத வேண்டும். எந்தக் கருவி தேவை என்பது பிரீஃபிங்கிலிருந்து பிறக்க வேண்டும். குழுவில் யார் என்ன செய்வார் என்பது கருவியிலிருந்து பிறக்க வேண்டும். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். துப்பாக்கிகளின் பட்டியல் முதலில் தயாராகிறது, அதற்கேற்ற வகுப்புகள் பிறகு வருகின்றன, கடைசியில் ஒருவர் உட்கார்ந்து நாலு வரி பிரீஃபிங் எழுதுகிறார்.

இந்த வகைக்குப் போலீஸ்காரர்களோடு நேரடி உறவு உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறை 1967-ல் ஸ்வாட் என்ற அதிரடிப்படைப் பிரிவைத் தொடங்கியபோது அதில் முக்கியப் பங்கு வகித்த டாரில் கேட்ஸ், பின்னாளில் அதே காவல்துறையின் தலைவரானார். பதவியிலிருந்து இறங்கியபின் சியரா நிறுவனத்தின் 'போலீஸ் குவெஸ்ட்' வரிசையோடு அவர் பெயர் சேர்ந்தது. அந்த வரிசையிலிருந்து 1995-ல் 'ஸ்வாட்' கிளைத்தது. 1999-ல் 'ஸ்வாட் 3' வந்தது. 2005-ல் இர்ரேஷனல் கேம்ஸ் உருவாக்கிய 'ஸ்வாட் 4' வந்தது. அதன் பிறகு பல ஆண்டுகள் இந்தத் தடம் வெறிச்சோடிக் கிடந்தது. வாய்ட் இன்டராக்டிவ் 2021 டிசம்பரில் முன்னோட்டமாகவும் 2023 டிசம்பரில் முழுமையாகவும் வெளியிட்ட 'ரெடி ஆர் நாட்' அதை மீண்டும் திறந்தது.

'ஸ்வாட் 4'-ன் ஃபேர்ஃபாக்ஸ் வீட்டு மிஷனை ஒரு பாடமாகவே எடுத்துக்கொள்ளலாம். பெண்களைக் கடத்துபவன் என்று சந்தேகிக்கப்படும் ஒருவன், தன் குடும்பத்து முதியவள் ஒருத்தியோடு ஒரு சாதாரணப் புறநகர் வீட்டில் வாழ்கிறான். பிரீஃபிங்கில் இடம், காலவரிசை, சந்தேக நபர்கள், உள்ளே இருக்கக்கூடிய பொதுமக்கள் என்று தனித்தனிப் பக்கங்கள் இருக்கின்றன. எந்த வாசல் வழியாக நுழைவது என்பதையும் ஆட்டக்காரரே முடிவு செய்கிறார். இவற்றைக் கவனமாகப் படிப்பவரின் லோட்அவுட் உடனே மாறத் தொடங்கும். குறுகிய அறைகள், அதனால் நீளமான துப்பாக்கி இடைஞ்சல். எதிரிகளின் கூட்டம் இல்லை, அதனால் தோட்டா அதிகம் வேண்டாம். எந்த மூலையிலிருந்தும் ஒரு முதியவள் எதிர்ப்படலாம், அதனால் கதவைத் திறக்கும் முன் உள்ளே பார்க்க வேண்டும். கதவின் அடியில் நுழைத்துப் பார்க்கும் ஆப்டிவாண்ட் அந்த வீட்டில் எந்தத் துப்பாக்கியையும்விட மதிப்புள்ளது. இதை யாரும் ஆட்டக்காரருக்குச் சொல்லித் தருவதில்லை. பிரீஃபிங் ஒரு மனிதனின் வாழ்க்கையை விவரிக்கிறது, தேவையான கருவியை ஆட்டக்காரரே கண்டுபிடிக்கிறார்.

அந்தக் கண்டுபிடிப்பு ஒரே தடவையோடு தீர்ந்துபோகாததற்கு இன்னொரு காரணம் உண்டு. 'ஸ்வாட் 4'-ல் சந்தேக நபர்களும் பொதுமக்களும் இருக்கும் இடம் ஒவ்வொரு முறையும் மாறும். மாறாமல் இருந்திருந்தால், மூன்றாவது தடவை ஆடுபவர் எந்த அறையில் யார் நிற்கிறார் என்பதற்கேற்ப கருவியை எடுத்திருப்பார், அது மனப்பாடம். இடம் மாறும்போது, எது நடக்கக்கூடும் என்பதற்காகத் தயாராகிறார். எதிரிகளை ஓரிடத்தில் ஆணியடித்து நிறுத்திவிட்டு 'லோட்அவுட் முக்கியம்' என்று சொல்லும் கேம்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. இரண்டும் ஒன்றுசேராது.

'ரெடி ஆர் நாட்' இந்தச் சிந்தனையைக் கவச உடையின் பைகளுக்குள் கொண்டுவந்தது. தோட்டா மேகசினும் கையெறி சாதனமும் ஒரே பைகளைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு மேகசின் கூடுதலாக வேண்டுமென்றால் ஒரு ஃபிளாஷ்பேங்கையோ கதவு ஆப்பையோ விட்டுக்கொடுக்க வேண்டும். இதற்கு மேல் நீளமான கருவிக்கென்று ஒரே ஒரு இடம். ஷீல்ட், இடிகட்டை, கதவு உடைக்கும் ஷாட்கன், ஆப்டிவாண்ட், குண்டு ஏவும் கருவி ஆகியவற்றில் ஒருவர் ஒன்றைத்தான் சுமக்க முடியும். இடிகட்டை எடுத்தவர் கதவுக்குப் பின்னால் பார்க்க முடியாது. பார்ப்பவரால் உடைக்க முடியாது. ஷீல்ட் பிடித்தவர் கைத்துப்பாக்கியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஐந்து பேரும் குறையுள்ளவர்கள். அந்தக் குறைதான் ஐந்து பேரைக் குழுவாக்குகிறது. 'நீ பிரீச்சர், நீ ஸ்கவுட்' என்று எங்கும் எழுதி ஒட்டப்படவில்லை. இடிகட்டையைத் தூக்கியதாலேயே ஒருவர் முன்னால் வந்து நிற்கிறார், ஷீல்ட் அவரை மறைக்க வருகிறது.

இந்த அமைப்பில் என்னை மிகவும் ஈர்த்தது தலைக்கான தேர்வு. கண்ணீர்ப்புகைக்கு எதிரான முகமூடி, ஃபிளாஷ்பேங்கின் ஒளியைத் தடுக்கும் கண்ணாடி, இருட்டில் பார்க்கும் சாதனம் ஆகியவற்றில் ஒன்றைத்தான் அணியலாம். ஒருவர் கண்ணீர்ப்புகைக் குண்டு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புகை யாரையும் வேறுபடுத்திப் பார்க்காது, ஆகவே ஐந்து பேருக்கும் முகமூடி வேண்டும். ஐந்து பேரும் முகமூடி அணிந்தால் ஒளி தடுக்கும் கண்ணாடி யாருக்கும் இல்லை. இனி நம் ஃபிளாஷ்பேங் தவறான கோணத்தில் தெறித்தால் நாமே குருடாகி நிற்போம். மின்சாரம் துண்டிக்கப்பட்ட கட்டடம் என்றால் இருட்டுக்கான சாதனத்தையும் சேர்த்தே இழந்திருக்கிறோம். ஒருவரின் பையில் இருக்கும் ஒரு குண்டு மற்ற நால்வரின் தலையில் என்ன இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. நண்பர்கள் சேர்ந்து ஆடும்போது அந்தத் திரையில் நடக்கும் வாக்குவாதத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், மிஷன் அங்கேயே தொடங்கிவிட்டது.

தனியாக ஆடுபவருக்கு இந்த வாக்குவாதம் கிடையாது. நான்கு ஏ.ஐ. காவலர்கள் சிவப்பு, நீலம் என்று இரண்டிரண்டு பேராகப் பிரிந்து நிற்கிறார்கள். இங்கே வேறொரு கேள்வி எழுகிறது: ஒவ்வொரு ஜோடியும் தன்னளவில் முழுமையாக இருக்க வேண்டுமா, நால்வரும் சேர்ந்தால்தான் முழுமையா? உடைக்கும் கருவி இரண்டையும் சிவப்பு ஜோடியிடம் கொடுத்தால், பூட்டிய கதவை நீல ஜோடியால் உடைக்க முடியாது. ஜோடிகளைப் பிரித்து அனுப்பி இரண்டு வாசல்களில் ஒரே நேரத்தில் நுழையும் திட்டம் அதோடு போயிற்று. எனக்கு இது பிடித்த சிக்கல். ஆனால் திரையில் நான்கு காவலர்களையும் தனித்தனிப் பக்கங்களில் வைத்தால் ஆட்டக்காரருக்கு இந்தச் சிக்கல் கண்ணிலேயே படாது. ஜோடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, எந்த ஜோடியால் எந்தக் கட்டளையை நிறைவேற்ற முடியும் என்பதை அங்கேயே காட்டுங்கள். உள்ளே போனபின் கட்டளைப் பட்டியலில் 'ஷாட்கன்' என்ற வரி மங்கிக் கிடப்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது தாமதம்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானதும்கூட. யுபிசாஃப்டின் 'ரெயின்போ சிக்ஸ் சீஜ்' 2015 முதல் வேறு வழியில் போய் வெற்றி பெற்றிருக்கிறது. அங்கே பாத்திரத்தோடு பங்கும் பிறவியிலேயே வந்துவிடுகிறது. வலுவூட்டிய சுவரை உருக்கித் திறப்பவர் தெர்மைட். அந்தச் சுவரில் எதிரணியின் பேண்டிட் மின்சாரம் பாய்ச்சியிருந்தால், தாட்சர் அதை முடக்கிய பிறகுதான் தெர்மைட்டால் வேலை செய்ய முடியும். ஒருவர் மற்றவரைச் சார்ந்திருக்கும் அந்த அழகு நான் மேலே புகழ்ந்த அதே அழகுதான். முன்பின் அறியாத ஐந்து பேர் இணையத்தில் சேர்ந்து சில நிமிடச் சுற்று ஒன்றை ஆடும்போது, யார் என்ன செய்வார் என்பது ஒரே பார்வையில் தெரிய வேண்டும். அதற்கு வகுப்புகளே சரி, பேரம் பேச அங்கே நேரமில்லை. ஆனால் 'சீஜ்' கேட்கும் கேள்வி எதிரணி என்ன செய்யும் என்பது. போலீஸ் கேம் கேட்பது இந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதை. கேள்வி வேறாக இருக்கும்போது 'சீஜ்' விற்கிறதே என்பதற்காக அதன் விடையைக் கடன் வாங்குவது சரியாகாது.

துப்பாக்கிகளைப் பற்றி நீளமாகப் பேச விருப்பமில்லை. பல கேம்களில் இருபது துப்பாக்கிகள் இருக்கும், முடிவை மாற்றும் வேறுபாடு மூன்றுக்குத்தான் இருக்கும். தோட்டா வகை மட்டும் விதிவிலக்கு. கவசத்தைத் துளைக்கும் தோட்டாவா, கவசமில்லாத உடலில் விரிந்து நின்றுவிடும் தோட்டாவா என்ற தேர்வுக்குப் பின்னால் உண்மையான வரலாறு இருக்கிறது. 1997 பிப்ரவரி 28 அன்று வடக்கு ஹாலிவுட்டில் வங்கியைக் கொள்ளையடித்த இருவர் உடல் முழுக்கக் கவசம் அணிந்திருந்தார்கள். ரோந்துக் காவலர்களின் கைத்துப்பாக்கியும் ஷாட்கன்னும் அவர்களைத் தடுக்கவில்லை. சில காவலர்கள் அருகிலிருந்த துப்பாக்கிக் கடையில் ரைஃபிள்களை வாங்கிவர வேண்டியிருந்தது. அதன் பிறகு அமெரிக்க ரோந்து வண்டிகளில் ரைஃபிள் பரவலானது. பிரீஃபிங்கில் 'சந்தேக நபர்கள் கவசம் அணிந்திருக்கக்கூடும்' என்று ஒரு வரி இருந்தால் இந்தத் தேர்வுக்கு உயிர் வரும். அந்த வரி இல்லாவிட்டால் அது வெறும் எண் விளையாட்டு.

உயிரைப் பறிக்காத கருவிகளுக்கு வருகிறேன். பீன்பேக் ஷாட்கன், பெப்பர்பால், டேசர் ஆகியவற்றை ஆட்டக்காரர் விரும்பி எடுக்க வேண்டுமானால் மதிப்பெண் முறை அவற்றுக்குத் துணை நிற்க வேண்டும். 'ஸ்வாட் 4' இதில் தயங்கவில்லை. மிரட்டாமல் நிற்பவரைச் சுட்டால் தண்டனை. கைது செய்தால், நிலவரத்தைத் தலைமைக்குத் தெரிவித்தால், ஆயுதங்களைக் கைப்பற்றினால் மதிப்பெண். மிகக் கடினமான நிலையில் 100-க்கு 95 எடுத்தால்தான் மிஷன் முடிந்ததாகக் கணக்கு. அந்த ஒரு எண் ஆயிரம் அறிவுரைகளின் வேலையைச் செய்கிறது. 'ரெடி ஆர் நாட்' தனியாக ஆடும் கமாண்டர் மோடில் இன்னும் ஒரு படி போகிறது. உயிரைப் பறிக்கும்போது கூடும் காவலர்களின் மனஅழுத்தம் மிஷனுக்கு மிஷன் தொடர்ந்து வருகிறது. அவர்களை ஆலோசனைக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது, கவனிக்காவிட்டால் வேலையை விட்டே போகிறார்கள். இன்று கையில் எடுத்த ஆயுதம் இரண்டு மிஷன் தாண்டி குழுவில் யார் மிஞ்சுவார் என்பதைப் பாதிக்கிறது.

ஆனால் மென்மையான கருவியே எப்போதும் சரியான விடை என்று ஆகிவிட்டால் தேர்வு மறுபடியும் செத்துவிடும். இதையும் 'ரெடி ஆர் நாட்' உணர்ந்திருக்கிறது. கல்லூரி ஒன்றில் துப்பாக்கிச் சூடு நடக்கும் 'எலிஃபன்ட்' மிஷனில், நேரம் போகப் போக மாணவர்கள் சாகிறார்கள். ஒவ்வொரு கதவின் அடியிலும் ஆப்டிவாண்ட் நுழைத்துப் பார்க்கும் பொறுமை அங்கே உயிர்களைக் குடிக்கும். 1999-ல் கொலம்பைன் பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பிறகு அமெரிக்கக் காவல்துறைகள் சுற்றி வளைத்துக் காத்திருக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, முதலில் வருபவரே உள்ளே போக வேண்டும் என்று மாறின. அந்த மாற்றத்தின் கனம் இந்த மிஷனில் ஆட்டக்காரரின் கைக்கு வருகிறது. ஃபேர்ஃபாக்ஸ் வீட்டுக்குச் சரியாக இருந்த லோட்அவுட் இங்கே குற்றமாகிறது.

இவ்வளவு செய்தபின்னும், பலர் ஒரு லோட்அவுட்டைச் சேமித்துவிட்டுக் கேம் முழுதும் அதையே பயன்படுத்துகிறார்கள். இதை ஆட்டக்காரரின் சோம்பல் என்று சொல்லும் வடிவமைப்பாளர்களோடு நான் உடன்படவில்லை. எல்லாவற்றையும் ஓரளவு சமாளிக்கும் ஒரு கலவை இருக்குமென்றால் அதைக் கண்டுபிடித்தவர் புத்திசாலி. அதை இருக்கவிட்டது நாம். ஒளி தடுக்கும் கண்ணாடியும் ஃபிளாஷ்பேங்கும் எல்லா மிஷனிலும் பயன்படுமென்றால் அவை கட்டாயக் கருவிகள். அவற்றுக்கு இடம் கேட்காமல் எல்லோரிடமும் கொடுத்துவிட்டு, மிச்ச இடத்துக்குப் போட்டி வையுங்கள்.

திரையின் வரிசையும் மாற வேண்டும். ஏறத்தாழ எல்லா கேம்களிலும் லோட்அவுட் திரையைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது ஒளி பாய்ச்சப்பட்டு மெல்லச் சுழலும் ரைஃபிள். இந்த வேலை எதைப் பற்றியது என்பதை அந்த முதல் படமே சொல்லிவிடுகிறது, தவறாகச் சொல்கிறது. உள்ளே இருப்பதாகத் தெரிந்தவர்களின் முகங்கள் முதலில் வரட்டும். அடுத்துக் கதவுகள், அவற்றைத் திறக்கும் வழிகள். அதற்குப் பிறகு கையெறி சாதனங்கள், தலையில் அணிபவை. துப்பாக்கி கடைசியில் வரட்டும். இதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை, பக்கங்களை இடம் மாற்றினால் போதும்.

ஒரு சோதனையைப் பரிந்துரைக்கிறேன். கையில் உள்ள ஒரு லெவலுக்கு இரண்டு பிரீஃபிங் எழுதுங்கள். கட்டடம் ஒன்றே, எதிரிகளின் எண்ணிக்கையும் ஒன்றே. ஒன்றில் உள்ளே குழந்தைகள் இருக்கக்கூடும், மற்றொன்றில் கதவுகளில் வெடிப்பொறி இருக்கக்கூடும். இரண்டு குழுக்களிடம் தனித்தனியாகக் கொடுத்து, அவர்கள் எடுத்துச் செல்லும் கருவிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இரு குழுக்களும் ஒரே கருவிகளோடு கிளம்பினால், கருவிப் பட்டியலில் கை வைக்கும் முன் பிரீஃபிங்கைத் திருத்துங்கள். இதைச் செய்து பார்த்தவர்கள் விவரங்களை எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் வெளியிடுகிறோம். எதிர்பார்த்தபடி அமையாத சோதனைகளையும் சேர்த்தே அனுப்புங்கள்.