ஈரப் புல்லில் விமானம் இறங்கினால் என்ன ஆகும்? பிரேக்கை நம்பலாமா?

நனைந்த புல்தரையில் பைக்கை ஓட்டிப்போய் சடன் பிரேக் அடித்தால் என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். புல் ஓடுபாதையில் இறங்கும் சிறிய விமானத்துக்கும் அதே கதைதான்.

எவ்வளவு தூரம் கூடும்?

பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையம் சிறிய விமான பைலட்டுகளுக்கு ஒரு கணக்கு தருகிறது. காய்ந்த தார் ஓடுபாதையில் இறங்கி நிற்க 500 மீட்டர் போதும் என்றால், ஈரப் புல்லில் 675 மீட்டர் வேண்டும். புல் ஒட்ட வெட்டப்பட்டிருந்தால் இன்னும் மோசம். 800 மீட்டர் வரை போகலாம். பின்காற்றும் சேர்ந்தால் தூரம் மேலும் நீளும்.

பிரேக் ஏன் பிடிப்பதில்லை?

தரையைத் தொட்டதும் எடையில் ஒரு பகுதியை இறக்கைகளே தாங்கிக்கொண்டிருக்கும். டயர் தரையில் முழுசா அழுந்தாது. அப்போது பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். வேகம் 10% கூடுதலாக இருந்தால், நிறுத்த வேண்டிய ஆற்றல் 21% கூடுகிறது.

கோழிக்கோட்டில் நடந்தது என்ன?

பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம், கோழிக்கோடு விமான நிலையத்தில் 2020 ஆகஸ்ட் 7 அன்று ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் கொட்டும் மழையில் இறங்கியது. அது பெரிய போயிங் 737. ஓடுபாதையும் புல் அல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான். 2,700 மீட்டர் ஓடுபாதையில் ஏறக்குறைய பாதியைத் தாண்டிய பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. பின்காற்றும் இருந்தது. விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 190 பேரில் 21 பேர் இறந்தனர். 'கோ-அரவுண்ட்', அதாவது மறுபடி மேலே ஏறு என்று துணை பைலட் சொல்லியும் தரையிறக்கம் தொடர்ந்ததை விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது.

நமக்கு என்ன சம்பந்தம்?

சேலம் காமலாபுரத்தில் பைலட் பயிற்சி நடக்கிறது. கொங்குப் பகுதியில் ஐப்பசி மழை திடீர்னு இறங்கும். இடிமழை நேரத்தில் காற்றும் சட்டென திசை மாறும். அதனால் இறங்கும் முன்பே ஓடுபாதையில் ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குள் சக்கரம் தரையைத் தொடாவிட்டால், யோசிக்காமல் மேலே ஏறிவிட வேண்டும். பிரேக் போட்டுச் சறுக்கிய பிறகு ஏற நினைப்பது அதைவிட ஆபத்து. மிச்சமிருக்கும் ஓடுபாதை அதற்குப் போதாமல் போகலாம்.

ஒரு தடவை சுற்றி வந்தால் செலவாவது சில நிமிடமும் கொஞ்சம் எரிபொருளும்தான். அதற்காக மாணவரைத் திட்டாத பயிற்சியாளரே மழைக்காலத்தில் முதல் பாதுகாப்பு.