கையில் கிரீஸ் படட்டுமே!

நம்ம ஆட்களிடம் ஒரு வினோதமான கணக்கு உண்டு. "வண்டியை சர்வீஸுக்கு விட்டிருக்கேன்" என்று சொன்னால் அது கௌரவம். "ஞாயித்துக்கிழமை நானே ஏர் ஃபில்டரைக் கழட்டி மாத்தினேன்" என்று சொல்லிப் பாருங்கள். "ஏன் சார், பேங்க்ல சம்பளம் ஒழுங்கா வரலையா?" என்பார்கள். பதினோரு வருஷமாகப் புனேவில் இருக்கிறேன். எங்கள் சொசைட்டியில் இதே கேள்வியைத் தமிழ், மராத்தி, ஹிந்தி என்று மூன்று பாஷையிலும் கேட்டாயிற்று :-)

வண்டி வைத்திருக்கிறவன் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும், அதில் சின்ன வேலைகளைத் தன் கையால் செய்ய வேண்டும், அதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. காசு மிச்சம் பிடிக்க இல்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

என் அக்கா வீட்டுக்காரர் அமெரிக்காவில், பாஸ்டன் பக்கம் இருக்கிறார். கம்ப்யூட்டர் வேலை. அவரிடம் இருப்பது 1990 மாடல் மாஸ்டா மியாட்டா. எம்.எக்ஸ்-5 என்றும் சொல்வார்கள். ரெண்டே சீட், கூரையைக் கையால் மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். 1.6 லிட்டர் இன்ஜின், எடை ஒரு டன்னுக்கும் கொஞ்சம் குறைவு. 1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் முதலில் காட்டிய கார். லோட்டஸ் எலான் மாதிரியான பழைய பிரிட்டிஷ் திறந்த கார்களின் சுகம் வேண்டும், ஆனால் அவை மாதிரி வாரம் ஒருமுறை நடுரோட்டில் நிற்கக் கூடாது என்று ஜப்பான்காரர்கள் யோசித்துச் செய்தது. 2016ல் பத்து லட்சமாவது கார் வெளியே வந்தது. நம் நாட்டில் மாஸ்டா கார் விற்பதில்லை, அதனால் இது விளம்பரம் இல்லை.

முப்பத்தைந்து வருஷம் தாண்டிய அந்த வண்டி இன்றும் ஓடுகிறது. ஓட வைப்பது அத்தான்தான். ரெண்டு வாரம் லீவில் அங்கே போயிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் செய்கிற வேலைகளைக் கேளுங்கள்.

முதலாவது, தண்ணீர் போகிற வழி. துணிக் கூரை மேல் விழும் மழைத் தண்ணீர் பின்பக்கம் ஒரு சின்ன வாய்க்காலில் இறங்கி, சீட்டுக்குப் பின்னால் ரெண்டு பக்கமும் இருக்கிற ஓட்டை வழியாக வெளியே போகும். அதில் இலையும் மண்ணும் அடைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கி, கதவுக்குக் கீழே இருக்கிற தகடு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே அப்பளமாக நொறுங்கியிருக்கும். பாஸ்டனில் குளிர்காலத்தில் ரோட்டில் உப்பு வேறு கொட்டுவார்கள். அத்தான் வருஷா வருஷம் பனி போனதும் வளைகிற பிளாஸ்டிக் குச்சி ஒன்றை விட்டு அந்த ஓட்டையை மெதுவாகச் சுத்தம் செய்துவிடுகிறார். பத்து நிமிஷ வேலை. செலவு பூஜ்யம். இந்தப் பத்து நிமிஷத்தைச் செய்யாத எத்தனையோ மியாட்டாக்கள் காயலான் கடைக்குப் போய்விட்டன.

ரெண்டாவது, பின் கண்ணாடி. அந்த வண்டியில் வந்தது கண்ணாடியே இல்லை, பிளாஸ்டிக் ஷீட். சுற்றி ஜிப் இருக்கும். கூரையை மடக்குவதற்கு முன் ஜிப்பைத் திறந்து ஷீட்டைப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மடிப்பு விழுந்து, மடிப்பில் விரிசல் விழும். வெயிலில் வேறு மஞ்சளாகிவிடும். அத்தான் ரெண்டு வார இறுதியில் பழைய துணியைக் கழற்றிவிட்டு, நிஜக் கண்ணாடி வைத்த புதுக் கூரையை மாட்டினாராம்.

மூன்றாவது, பேட்டரி. அது முன்னால் இல்லை, டிக்கிக்குள் இருக்கிறது. அதற்கென்றே சீல் செய்த பேட்டரி வரும். விலை குறைவு என்று சாதாரண பேட்டரியை வைத்தால் ஆசிட் புகை டிக்கித் தகட்டைத் தின்றுவிடும். இது தெரியாமல் விலை பார்த்து வாங்குகிறவர்தான் அதிகம் செலவழிக்கிறார்.

நாலாவது, ரேடியேட்டர். அதன் மேல் தொட்டி கறுப்பு பிளாஸ்டிக். கறுப்பு மாறிப் பழுப்பானால் ஆயுசு முடிகிறது என்று அர்த்தம். வெடிக்கும்வரை காத்திராமல் அலுமினியத்தில் ஒன்று வாங்கி மாட்டிவிட்டார்.

கடைசியாக, டைமிங் பெல்ட். 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நிறைய இன்ஜின்களில் இந்த பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடித்து மொத்தமும் போச்சு. இந்த இன்ஜினில் அறுந்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான், வால்வுக்கு ஒன்றும் ஆகாது. அதற்காக அலட்சியமாக இருக்கவும் முடியாது. 1990, 91ல் வந்த ஆரம்ப வண்டிகளில் கிராங்க் ஷாஃப்ட்டின் முன் மூக்கு கொஞ்சம் பலவீனம். பெல்ட் மாற்றும்போது அங்கே இருக்கிற போல்ட்டைப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு முறுக்காவிட்டால், சாவிப் பள்ளம் தேய்ந்து கிராங்க்கே வீணாகிவிடும். அதனால் அத்தான் முதலில் வாங்கியது டார்க் ரெஞ்ச், அதற்கும் முன்னால் சர்வீஸ் மேனுவல். அவர் மேனுவலைப் படிக்கிற அழகைப் பார்த்தால், எங்கள் ஆபீஸில் இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின ராத்திரி சர்குலர் படிக்கிற மாதிரி இருந்தது.

இது எப்படிச் சாத்தியமாகிறது என்று யோசித்தால், மூன்று விஷயம் தேவைப்படுகிறது: புத்தகம், ஸ்பேர், செய்கிற மனசு.

புத்தகமும் ஸ்பேரும் கம்பெனி கையில் இருக்கின்றன. அத்தான் இருக்கிற மாசசூசெட்ஸில் 2012ல் மக்களே ஓட்டுப் போட்டு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். டீலருக்குக் கொடுக்கிற ரிப்பேர் விவரங்களை வெளி மெக்கானிக்குக்கும் வண்டிச் சொந்தக்காரருக்கும் கம்பெனி கொடுத்தாக வேண்டும் என்று. மாஸ்டா கம்பெனியும் 2017ல், முதல் தலைமுறை மியாட்டாவை ஜப்பானில் தானே புதுப்பித்துத் தருவதாகவும், நின்றுபோன ஸ்பேர்களை மறுபடி தயாரிப்பதாகவும் அறிவித்தது. முப்பது வருஷப் பழைய மாடலுக்கு!

நம் ஊரிலும் சண்டை நடக்காமல் இல்லை. 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. ஸ்பேரையும் தொழில்நுட்ப விவரத்தையும் வெளிச்சந்தையில் கிடைக்க விடாமல் தங்கள் டீலர்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அப்புறம் அப்பீல், வழக்கு என்று போனது வேறு கதை. 2022ல் நுகர்வோர் விவகாரத் துறை ரிப்பேர் உரிமைக்காக ஒரு குழு போட்டு, அந்த வருஷக் கடைசியில் ஒரு இணைய தளமும் திறந்தது. விவசாயக் கருவிகள், மொபைல், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நாலு பிரிவு. நல்ல ஆரம்பம். ஆனால் கேட்கிறவன் இருந்தால்தானே கொடுப்பான்? பானெட் எப்படித் திறக்கும் என்றே தெரியாத நாம் எந்த உரிமையைக் கேட்கப்போகிறோம்?

என் வண்டி 2009 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கிற சமயம். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025ல் இன்னும் ஒரு படி மேலே போய், 20 வருஷம் தாண்டிய காருக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். ஃபிட்னஸுக்கு முன் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். 14 வரி எஸ்டிமேட் வந்தது. மூன்றாவது வரி, ஏசி ஃபில்டர் மாற்ற வேண்டும். அதை ரெண்டு வாரத்துக்கு முன்னால்தான் நானே மாற்றியிருந்தேன். டேஷ்போர்டு டப்பாவைக் கழற்றினால் பின்னாலேயே இருக்கிறது, ஐந்து நிமிஷம். "பழைய ஃபில்டரைக் காட்டுங்க, பார்க்கலாம்" என்றேன். சர்வீஸ் அட்வைசர் பேசாமல் அந்த வரியை அடித்தார். அப்புறம் மிச்சம் 13 வரியையும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். 6 வரி நின்றது.

நான் ஒன்றும் பெரிய மெக்கானிக் இல்லை, பி.காம். ஒரு ஃபில்டர் மாற்றத் தெரிந்ததால் மற்ற வரிகளைக் கேட்கிற தைரியம் வந்தது. லோன் ஃபைலில் கையெழுத்துப் போடுமுன் பேலன்ஸ் ஷீட் படிக்கிறோம் இல்லையா, அந்த மாதிரிதான் இதுவும்.

இப்போது காசுக் கணக்கு. நேர்மையாகச் சொன்னால் நம் நாட்டில் இதில் பெரிய மிச்சம் கிடையாது. அமெரிக்காவில் மெக்கானிக் கூலி பயமுறுத்தும், அதனால் அத்தானுக்கு லாபம். இங்கே கூலி குறைவு. நல்ல ஸ்பேனர் செட், ஜாக்கி, ஸ்டாண்ட் வாங்குகிற காசுக்கு ரெண்டு மூன்று வருஷம் வெளியிலேயே வேலை பார்த்துவிடலாம். மிச்சம் பிடிக்கவா என்று கேட்டால் இல்லை என்று சொன்னது அதனால்தான்.

ஆனால் இன்னொரு கணக்கு இருக்கிறது. வருமான வரியில், தொழிலுக்குப் பயன்படுத்துகிற சொந்தக் காருக்கு வருஷம் 15 சதவீதம் தேய்மானம், குறைந்த மதிப்பின் மேல் குறைத்துக்கொண்டே போவோம். 5 லட்சம் கார் 15 வருஷத்தில் ஏட்டில் சுமார் 43,700 ரூபாய். காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும், இந்த முறையில் மதிப்பு எந்த வருஷமும் பூஜ்யம் ஆகாது, கொஞ்சம் பாக்கி இருந்துகொண்டே இருக்கும். அந்தப் பாக்கியை ஓடுகிற வண்டியாக வைத்திருப்பதா, காயலான் கடை எடையாக வைத்திருப்பதா என்பது நாம் பார்க்கிற பராமரிப்பில் இருக்கிறது.

அப்கிரேட் பற்றி ஒரு எச்சரிக்கை. அத்தான் மாதிரி கூரை மாற்றுகிறேன், இன்ஜினை மாற்றுகிறேன் என்று இங்கே இறங்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு இருக்கிறது. கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆர்.சி.யில் ஒன்று, வண்டியில் ஒன்று என்று இருந்தால் இன்ஷூரன்ஸ் கிளெய்மும் சிக்கல். லோன் பாக்கி இருந்தால் வண்டி பேங்க்கிடம் அடமானம் என்பதையும் மறக்க வேண்டாம். ரிப்பேர் பண்ணுங்கள், மாற்றி அமைப்பதற்கு முன் ஆர்.டி.ஓ.வில் கேளுங்கள்.

"மெக்கானிக் பிழைப்பில் மண்ணைப் போடுகிறாயா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக், ஏசி கேஸ், இதில் எதிலும் நான் கை வைப்பதில்லை. நீங்களும் வைக்காதீர்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கவே கூடாது, ஸ்டாண்ட் போட்டே ஆக வேண்டும். என் தெருமுனை மெக்கானிக்கிடம் முன்பைவிட இப்போது அதிகமாகவே போகிறேன். ஒரு போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்தால் அதைக் கழற்ற எவ்வளவு பொறுமை வேண்டும் என்று தெரிந்தபின் அவரிடம் பேரம் பேச மனசு வருவதில்லை. முன்பு அவரை "ஏ பையா" என்று கூப்பிட்ட என் மகன் இப்போது "உஸ்தாத்" என்கிறான்.

நான் சொல்ல வந்த காரணம் இதுதான். நம் தாத்தா, அப்பாக்கள் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டினார்கள், செயினுக்கு எண்ணெய் விட்டார்கள், வீட்டு ஃப்யூஸ் தாங்களே போட்டார்கள். நம்மைப் படிக்க வைத்தார்கள். நாம் படித்து, வேலை கிடைத்து, ஊர் விட்டு ஊர் வந்து ஃபிளாட்டில் உட்கார்ந்தோம். வழியில் எங்கேயோ, கை அழுக்காகிற வேலை கீழானது, அதைச் செய்கிறவர் நமக்குக் கீழே என்ற எண்ணத்தையும் சேர்த்து எடுத்து வந்துவிட்டோம். நாம் வாயால் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம், பிள்ளைகள் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள். பல்பு மாற்ற எலக்ட்ரீஷியனுக்கு போன் பண்ணுகிற அப்பாவைப் பார்த்து வளர்கிற பையனுக்கு உழைப்பின் மரியாதை பற்றிப் பாடப் புத்தகத்தில் எழுதி வைத்து என்ன பயன்?

வருஷா வருஷம் ஆயுத பூஜை கொண்டாடுகிறோம். புனேவிலும் எங்கள் தமிழ்க் குடும்பங்கள் பொரி, கடலை, சுண்டலோடு விடாமல் செய்கிறோம். சந்தனம், குங்குமம் எதற்கு வைக்கிறோம்? லேப்டாப்புக்கும் கார் சாவிக்கும். வீட்டில் ஒரு ஸ்பேனர்கூடக் கிடையாது! அடுத்த ஆயுத பூஜைக்குள் ஒரு சின்ன டூல் கிட் வாங்குங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்தி பானெட்டைத் திறந்து, கூலன்ட் எது, ஆயில் டிப்ஸ்டிக் எது என்று காட்டுங்கள். ஏர் ஃபில்டரை அவர்களையே கழற்றி மாட்டச் சொல்லுங்கள். பூஜையன்று அந்த ஸ்பேனருக்குப் பொட்டு வையுங்கள்.