வாட் எண்ணில் மயங்க வேண்டாம்

பண்டிகைக் காலங்களில், ரிசீவரும் ஸ்பீக்கரும் வாங்கக் கடன் நாடும் கொல்லங்கோட்டு வாடிக்கையாளர்கள் பலரும் "எத்தனை வாட்?" என்பதையே முதலில் பார்க்கின்றனர். அதனினும் முதன்மையானவை இரண்டு உள என்பது நம் கருத்து.

முதலாவது, ஓம் அளவு. 8 ஓமுக்கு மட்டுமே அமைந்த ரிசீவரில் 4 ஓம் ஸ்பீக்கரை இணைத்தால், அதே ஒலியளவு நிலையில் ஏறத்தாழ இருமடங்கு மின்னோட்டம் பாயும். ரிசீவர் சூடேறி நின்றுவிடக்கூடும். இரண்டாவது, ஸ்பீக்கரின் உணர்திறன். 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு 50 வாட் போதுமெனில், 87 டெசிபல் ஸ்பீக்கர் அதே ஒலியைத் தர 100 வாட் வேண்டும். ஆகவே, வாட்டுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியை நல்ல ஸ்பீக்கருக்கு ஒதுக்குவதே அறிவுடைமை.

நம் மாவட்டத்தின் பெருமைக்குரிய பாலக்காடு மணி ஐயர், மைக் இல்லாத கச்சேரியையே விரும்பினார். உரத்த ஒலி வேறு, இனிய ஒலி வேறு என்பதை அவர் அறிந்திருந்தார்.

வாங்குமுன் ரிசீவரின் பின்புறம் குறித்துள்ள ஓம் அளவைப் பாருங்கள். விளம்பரத்திலுள்ள வாட், எத்தனை சானல்கள் ஒருங்கே இயங்கும்போது அளந்தது என வினவுங்கள். நன்கறிந்த பாடலொன்றைக் கடையிலேயே ஒலிக்கச் செய்து கேளுங்கள். பொருந்தாத இணை பழுதாகி மூலையில் கிடந்தாலும், மாதத் தவணை நிற்பதில்லை.