இடர்க்குறிக் கருவி

வருமுன் காத்தலே அறிவுடைமை. மக்கள் வழக்கற்ற காட்டிற்கும் மலைக்கும் செல்வோர் உணவையும் உடையையும் எண்ணிப் பார்த்து எடுத்துச் செல்கின்றனர். ஆயின், கால் முறிந்து வீழ்ந்தால் தாம் இருக்குமிடத்தைப் பிறர்க்கு எங்ஙனம் அறிவிப்பது என்பதைப் பலர் எண்ணுவதில்லை.

1972-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் நால்வர் சென்ற சிறு வானூர்தி ஒன்று மறைந்தது. அவருள் இருவர் அமெரிக்கப் பாராளுமன்ற உறுப்பினர். 39 நாள் தேடியும் சுவடு கிடைத்திலது. இன்றளவும் அஃது அகப்படவில்லை. 1982-ஆம் ஆண்டு செப்டம்பரில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பகுதியில் மற்றொரு சிறு வானூர்தி வீழ்ந்தது. அதிலிருந்த கருவி விடுத்த குறியைச் சோவியத்துச் செயற்கைக்கோள் ஏற்று அறிவித்தது. மூவர் உயிர் பிழைத்தனர். அந்நாளில் பகைமை பாராட்டிய சோவியத்து நாடும் அமெரிக்காவும், கனடா, பிரான்சு ஆகியவற்றுடன் கூடி அமைத்த அவ்வேற்பாடு, காஸ்பாஸ்-சார்சாட் என்னும் பெயருடன் இன்றும் நிலவுகின்றது.

இன்று வழிச்செல்வோர் கொள்ளத்தக்க கருவிகள் பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று, இவ்வேற்பாட்டிற்கு 406 மெகாஹெர்ட்ஸ் அலையில் குறி விடுப்பது. அதற்குச் சந்தா இல்லை. மின்கலம் பல்லாண்டு காத்திருக்கும். முடுக்கியபின் குறைந்தது 24 மணி நேரம் குறி விடுக்கும். மற்றொன்று, தனியார் செயற்கைக்கோள் வழியே செய்தி எழுதவும் மறுமொழி பெறவும் உதவுவது. அதற்குச் சந்தா செலுத்துதல் வேண்டும். மின்கலத்திற்கு அடிக்கடி மின்னேற்றுதலும் வேண்டும்.

பின்னதே சிறந்ததென்பர் சிலர். உற்ற நோயைக் கூறி உரிய மருந்தைக் கேட்டறிய அது பயன்படும் என்பது மெய்யே. எனினும், உயிர்க்காவலாக ஒன்றனையே கொள்ள நேரின் முன்னதையே கொள்க என்பது என் துணிபு. சந்தா செலுத்த மறந்தமையாலோ, வழிநெடுகச் செய்தி அனுப்பி மின்கலம் தீர்ந்தமையாலோ உற்ற நேரத்தில் ஊமையாகும் துணை, துணையாகாது.

எக்கருவியாயினும், செல்லும் நாட்டின் சட்டம் அதற்கு இடந்தருகின்றதா என முன்னரே அறிதல் வேண்டும். குறி விடுக்கும் கருவியை உரிய நிலையத்திற் பதிவு செய்தலும் இன்றியமையாதது. குறியுடன் வரும் எண்ணைக் கொண்டே உடையவர் யார், அவர்தம் உறவினர் யார் என மீட்போர் அறிவர். பதியப்பெறாத கருவி கையொப்பமில்லா மடல் போன்றது. துன்பம் தெரியும், துன்புறுவோர் யாரெனத் தெரியாது.

களைப்பிற்கும் சலிப்பிற்கும் அக்கருவியை முடுக்குதல் தகாது. குறியறிந்து பனியிலும் புயலிலும் விரைந்து வருவோர்க்கும் உயிர் ஒன்றே. அவர்க்கும் மனைமக்கள் உளர். ஆதலின், உயிர்க்கு இறுதி நேருமென அஞ்சத்தக்க நிலையில், வேறு வழி இல்லாதபோது மட்டுமே அதனை முடுக்குதல் வேண்டும்.