இரண்டு மில்லிமீட்டரில் ஒரு பாடம்

திருப்புளி, குறடு போன்றவற்றைச் சுவரில் மாட்டி வைக்கும் காந்தப் பலகை கடையில் கிடைக்கிறது. மாணவர்களே, அதை வாங்காதீர்கள், பழைய மரத்தில் நீங்களே செய்யுங்கள் என்பது என் கருத்து. காசு மிச்சமாகும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை.

தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் கடைகளுக்குப் பின்னால் சரக்கு வந்திறங்கிய ‘பேலட்’ மரத்தட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். உடைந்த பலகை ஒன்றைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள முத்திரையைப் பாருங்கள். ‘எச்டி’ என்றால் வெப்பத்தால் பதப்படுத்தியது. ‘எம்பி’ என்றால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சு வாயுவால் பதப்படுத்தியது, அது வேண்டாம்.

பலகையின் பின்புறத்தில் துளையிட்டு, முன்புறம் சுமார் 2 மில்லிமீட்டர் மரத்தை மட்டும் விட்டுவையுங்கள். துளைகளில் நியோடிமியம் காந்தங்களைப் பசையிட்டுப் பொருத்துங்கள். ஜப்பானிய அறிவியலாளர் மசாட்டோ சகாவா 1982ல் உருவாக்கிய வகைக் காந்தம் இது. துளையிடும் வேலையைப் பள்ளிப் பட்டறையில், ஆசிரியர் முன்னிலையில் செய்வதே நல்லது.

“மரம் காந்தத்தைத் தடுக்காதா?” என்று பல மாணவர்கள் கேட்பதுண்டு. தடுக்காது. காந்தப்புலம் மரத்தை ஊடுருவிச் செல்லும். இழுவிசையைக் குறைப்பது மரம் அன்று, இடைவெளி. காந்தத்துக்கும் திருப்புளிக்கும் நடுவே அட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். எத்தனையாவது அட்டையில் திருப்புளி விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மரத்தின் தடிமனை அந்தக் கணக்கை வைத்து முடிவு செய்யலாம். மிக மெல்லியதாக இருந்தால் பலகை உடையும். தடித்தால் கருவி நழுவும். அந்த முடிவை எடுக்க வேண்டியவர் நீங்கள். கடையில் வாங்கும்போது இந்த வாய்ப்பு கிடைக்காது.

தேர்வு நேரத்தில் இது தேவையா என்று வீட்டில் கேட்கலாம். அளப்பது, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது, காரணம் சொல்வது ஆகிய மூன்றும் தேர்வு கேட்கும் திறன்கள்தாமே!

இன்னொரு காரணமும் உண்டு. நம் ஒரே குப்பை நிரப்புநிலமான செமாக்காவ் 2035ஆம் ஆண்டுவாக்கில் நிரம்பிவிடும் என்று கணிக்கப்பட்டுள்ளது. உங்கள் ஒரு பலகையால் அது தள்ளிப்போகாது. ஆனால் எறிவதற்கு முன் “இதை வைத்து என்ன செய்யலாம்?” என்று கேட்கும் பழக்கம் உங்களோடு தங்கிவிடும்.

ஓர் எச்சரிக்கை: தம்பி தங்கையர் கைக்கு எட்டும் இடத்தில் காந்தங்களை வைக்காதீர்கள். இரண்டை விழுங்கினால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடற்சுவரைத் துளைக்கக்கூடும். இதயமுடுக்கி பொருத்திய பெரியவர்களிடமிருந்தும் தள்ளியே வையுங்கள்.

இந்த வாரம் ஒரு பலகையைத் தேடுங்கள். முதலில் அட்டைச் சோதனையைச் செய்துவிட்டுத் துளையிடத் தொடங்குங்கள்.